லோவ் நோய்: சிறுநீரில் என்.ஏ.ஜி. 41-லிருந்து 9 ஆகிவிட்டது, நம்பலாமா?

தஞ்சை அப்பா | ஏப்ரல் 11, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பிறந்தபோதே இரண்டு கண்களிலும் புரை இருந்தது. ஏழாவது வாரத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உடம்பு துணிபோல் துவண்டிருக்கும். தலை நிற்கவே ஒன்றரை வயது ஆனது. சிறுநீரில் புரதம், பாஸ்பேட், அமினோ அமிலம் எல்லாம் வெளியேறுகின்றன என்று கண்டறிந்த பிறகு மரபணுச் சோதனை செய்தோம். ஓ.சி.ஆர்.எல். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது, இது லோவ் நோய் என்றார்கள். ரத்தத்தில் அமிலம் கூடாமலிருக்க சிட்ரேட் மருந்து, அதோடு பாஸ்பேட், வைட்டமின் டி மூன்றும் கொடுத்துவருகிறோம்.

சென்ற அக்டோபரில், பெரிய மருத்துவமனையில் எடுத்த சோதனைகளில் ஒன்று, சிறுநீரகக் குழல்கள் பாதிக்கப்பட்டால் சிறுநீரில் உயரும் என்.ஏ.ஜி. என்ற நொதி. அப்போது ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 41 யூனிட் என்று வந்தது. அந்த அறிக்கையில் இயல்பின் உச்ச அளவு 6 என்று அச்சிட்டிருந்தார்கள். போன வாரம் எங்கள் ஊர் மாதிரி சேகரிப்பு மையத்தில் கொடுத்து மறுபடி பார்த்தோம். 9 என்று வந்திருக்கிறது.

வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சிட்ரேட் மருந்தைக் குடிக்க வைப்பது தினமும் ஒரு போராட்டம். பாதி நாள் வாந்தி எடுத்துவிடுகிறான். "குழல்கள் தேறிவிட்டன போலிருக்கிறது, மருந்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாமே" என்கிறார் மாமனார். எங்கள் டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேளாங்குடி | ஏப்ரல் 11, இரவு 10.52

மனம் நிறைந்த வாழ்த்துகள் ஐயா. நெருஞ்சில், சிறுபீளை இரண்டையும் கொதிக்க வைத்து வடிகட்டிக் காலையில் கொடுங்கள். என் அண்ணனுக்குக் கல் அடைப்புக்கு நன்றாகக் கேட்டது.

ஆய்வகத்துக்காரர் | ஏப்ரல் 11, இரவு 11.15

தஞ்சை அப்பாவுக்கு: மருந்தில் ஒரு சொட்டும் குறைக்காதீர்கள். முதலில் மூன்று விவரம் வேண்டும்.

அறிக்கையில் சிறுநீரின் பி.எச். (அமில-கார அளவு) என்ன? கிரியேட்டினின் தனியாக எவ்வளவு? மாதிரி எத்தனை மணிக்கு எடுத்தது, எப்படிப் போய்ச் சேர்ந்தது?

22 ஆண்டுகளாக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். 41, 9 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நானாக இருந்தால் எதுவும் சொல்லமாட்டேன்.

தஞ்சை அப்பா | ஏப்ரல் 12, காலை 6.40

இரண்டு அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன் ஐயா.

அக்டோபர்: என்.ஏ.ஜி. லிட்டருக்கு 7.4 யூனிட், கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 18 மில்லிகிராம், பி.எச். 6.5. மருத்துவமனைக்குள்ளேயே எடுத்துக் கொடுத்தோம்.

இப்போது: என்.ஏ.ஜி. 1.7, கிரியேட்டினின் 19, பி.எச். 8.5.

இந்த முறை காலை 6.30-க்கு சிட்ரேட் மருந்து கொடுத்தோம். ஏழேகாலுக்கு ஒட்டுப்பையில் சிறுநீர் பிடித்தோம். அவன் ஒருக்களித்துப் படுத்ததில் பை ஒருபுறம் விலகி, பாதி படுக்கையில் போய்விட்டது. மிச்சத்தைக் குப்பியில் ஊற்றினேன். மையத்துப் பையன் பதினொரு மணிக்கு வந்து வாங்கிப்போனான். பைக்கின் முன்புறம் துணிப்பையில் மாட்டிக்கொண்டான். ஐஸ் எதுவும் இல்லை. சென்னையில் உள்ள ஆய்வகத்துக்கு மறுநாள்தான் போனதாம்.

ஆய்வகத்துக்காரர் | ஏப்ரல் 12, காலை 8.05

நான் பயந்தது அதுதான். உங்கள் மகனின் குழல்களைப் பற்றி அந்த 9 எதுவும் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் துணிப்பையில் ஓர் இரவும் பகலும் கிடந்த குப்பியின் கதையைத்தான் அது சொல்கிறது.

என்.ஏ.ஜி. ஒரு நொதி. ஆய்வகத்தில் அது எத்தனை கிராம் இருக்கிறது என்று நாங்கள் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒரு வேதிப்பொருளைக் கொடுத்து, அதை எவ்வளவு வேகமாக வெட்டுகிறது என்று பார்க்கிறோம். வெட்டப்பட்டதும் நிறம் வரும், அந்த நிறத்தை அளக்கிறோம். நொதி குப்பிக்குள் இருந்தாலும் செயலிழந்து கிடந்தால் எங்கள் கருவிக்கு அது இல்லாததுதான். சிறுநீரின் பி.எச். 8-ஐத் தாண்டினால் என்.ஏ.ஜி. செயலிழக்கத் தொடங்கும்.

உங்கள் மாதிரியில் காரம் இரண்டு வழியாக ஏறியிருக்கிறது. ஒன்று, மருந்து கொடுத்து முக்கால் மணி நேரத்தில் பிடித்த சிறுநீர். சிட்ரேட் உடம்புக்குள் பைகார்பனேட்டாக மாறும். குழல்கள் அதைப் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும். இரண்டு, குளிரில் வைக்காத குப்பியில் பாக்டீரியா பெருகி, யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். பழைய சிறுநீரில் மூக்கைத் துளைக்கும் நெடி வருமே, அதுதான்.

அதே வேளையில் அக்டோபர் மாத 41-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு இது: 7.4 யூனிட்டை 0.18 கிராம் கிரியேட்டினினால் வகுத்தால் 41. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. உங்கள் மகனுக்குத் தசை குறைவு, ஆகவே வகுக்கும் எண் சிறியது, ஆகவே விடை பெரியது. அதே 7.4 யூனிட்டை விடும் தசைப்பிடிப்புள்ள ஒரு குழந்தையின் கிரியேட்டினின் 50 மில்லிகிராம் இருந்தால் விடை 14.8-தான். நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் நீர்த்துப்போனால் மேலும் கீழும் சேர்ந்தே குறையும், விகிதம் மாறாது. அதற்காகத்தான் கிரியேட்டினினால் வகுக்கிறோம். ஆனால் தசையே இல்லாத குறையை இந்த வகுத்தல் சரிசெய்வதில்லை. அக்டோபர் அளவு உயர்ந்ததுதான், அதில் ஐயமில்லை. எத்தனை மடங்கு என்பதில்தான் எனக்கு ஐயம்.

உயிர்வேதி மாணவி | ஏப்ரல் 12, மாலை 5.30

முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ஒரு கேள்வி. செல் சிதையும்போது உள்ளிருக்கும் நொதி வெளியே கொட்டும், அதனால் சிறுநீரில் என்.ஏ.ஜி. உயர்ந்தால் குழல் செல்கள் சாகின்றன என்று பொருள் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அப்படியென்றால் லோவ் நோயில் பிறந்த நாள் முதல் செல்கள் செத்துக்கொண்டே இருக்கின்றனவா? இவ்வளவு வேகத்தில் செத்தால் சிறுநீரகம் ஓராண்டுகூடத் தாங்காதே?

குழந்தை சிறுநீரகம் | ஏப்ரல் 12, இரவு 9.45

நான் குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவர். தஞ்சை அப்பாவுக்கு முதலில்: ஆய்வகத்துக்காரர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மருந்தைக் குறைக்கக் கூடாது. நெருஞ்சில் நீரும் வேண்டாம். அது சிறுநீரைப் பெருக்கும் என்றுதான் கொடுக்கிறார்கள். உங்கள் மகன் ஏற்கெனவே நீரையும் உப்பையும் இழந்துகொண்டிருக்கும் குழந்தை. வாந்திக்கு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மாணவியின் கேள்வி நல்ல கேள்வி. இந்த நோயின் முடிச்சே அங்குதான் இருக்கிறது.

சிறுநீரகத்தில் ரத்தம் முதலில் ஒரு சல்லடை வழியாக வடிகிறது. சிறிய புரதங்கள் அதில் தப்பிவிடும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் சுமார் 11,800 டால்டன் (மூலக்கூறின் எடை அலகு), வைட்டமின் ஏ-வைச் சுமக்கும் ஆர்.பி.பி. சுமார் 21,000. இவற்றைக் குழலின் முதல் பகுதியில் உள்ள செல்கள் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பிடிக்கும் கைகளின் பெயர் மெகாலின், கியூபிலின். இழுத்த புரதம் ஒரு சிறு பையில் ஏறி லைசோசோம் என்ற செரிமானக் கூடத்துக்குப் போகும். அங்கே அமினோ அமிலமாக உடைந்து ரத்தத்துக்குத் திரும்பும். வெறுங்கையான மெகாலின் மீண்டும் செல்லின் விளிம்புக்கு வரும். நாள் முழுவதும் இந்தப் போக்குவரத்து ஓயாது.

ஓ.சி.ஆர்.எல். மரபணு தரும் புரதமும் ஒரு நொதிதான். செல்லுக்குள் ஓடும் பைகளின் சவ்வில் பி.ஐ.பி.2 என்ற கொழுப்பு இருக்கிறது. எந்தப் பை எங்கே போகவேண்டும் என்பதற்கு அது ஒரு முகவரிச் சீட்டு போல. அந்தச் சீட்டிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி முகவரியை மாற்றுவதுதான் இந்த நொதியின் வேலை. அது இல்லாவிட்டால் பைகள் போகுமிடம் தெரியாமல் தேங்கும், மெகாலின் விளிம்புக்குத் திரும்பாது. லோவ் நோயாளிகளின் சிறுநீரில் வழக்கமாக வரும் மெகாலின் குறைவாகவே இருக்கிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இப்போது என்.ஏ.ஜி.க்கு வருவோம். அது லைசோசோமுக்குள் வாழும் நொதி, சுமார் 1,30,000 டால்டன். ரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமினைப் போல் இரண்டு மடங்கு பெரியது. ஆரோக்கியமான சல்லடை அதை ரத்தத்திலிருந்து விடாது. ஆகவே சிறுநீரில் இருப்பது பெரும்பாலும் குழல் செல்லிலிருந்தே வந்தது. செத்து வந்ததா, உயிரோடு வழியவிட்டதா என்பதுதான் கேள்வி. இரண்டும் நடக்கும். இந்த நொதிக்கு ஏ, பி என்று இரு வடிவங்கள் உண்டு. செல் தானாக வெளியே விடுவதில் ஏ வடிவம் மிகுதி. செல் சிதையும்போது பி வடிவத்தின் பங்கு கூடும். லைசோசோமுக்குப் போகவேண்டிய சரக்கு வழிதவறி வெளியே கொட்டுவதை லோவ் நோயில் நம்ப இடமிருக்கிறது. ரத்தத்திலேயே லைசோசோம் நொதிகள் உயர்ந்திருப்பதை 1999-இல் வெளியிட்டார்கள். ஆக, பாடப்புத்தகத்தில் படித்தது தவறில்லை. இந்த நோய்க்கு அது பாதிதான். உயர்ந்த என்.ஏ.ஜி.யை வைத்து இத்தனை செல்கள் செத்தன என்று எண்ணிவிட முடியாது.

இன்னொன்று. எண் குறைந்தால் எப்போதும் நல்ல செய்தி என்றும் நினைக்கக் கூடாது. நாட்பட்ட நோயில் குழல் செல்களே அழிந்து குறைந்துவிட்டால், வழியவிடுவதற்கு ஆளில்லாமல் என்.ஏ.ஜி. இறங்கும். காட்மியம் நஞ்சேறியவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். (நான்கு வயதில் உங்கள் மகனுக்கு அப்படி நடந்திருக்காது, பயப்பட வேண்டாம்.)

மூத்தவனின் அம்மா | ஏப்ரல் 13, காலை 11.10

தஞ்சைத் தம்பிக்கு. என் மகனுக்கு 19 வயது, அதே நோய். நொதி என்ற சொல்லைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவனுக்கு இரண்டு வயது இருக்கும்போது ரத்தச் சோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி உயர்ந்திருந்தது. கல்லீரலில் ஏதோ கோளாறு என்று எட்டு மாதம் அலைந்தோம். ஸ்கேன், டானிக், பத்தியம். எண்ணெய், நெய் எல்லாம் நிறுத்தி, இருந்த கொஞ்சம் சதையும் கரைந்து, கன்னம் ஒட்டிப்போனான். கல்லீரலை இன்னும் நன்றாகக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. சரியாகத்தானே இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் ஓர் இளம் டாக்டர்தான் சி.கே. என்ற தசை நொதியை எடுக்கச் சொன்னார். அதுவும் உயர்ந்திருந்தது, எல்.டி.எச்.சும் உயர்ந்திருந்தது. இவை தசையிலிருந்து வருகின்றன, லோவ் பிள்ளைகளிடம் இது வழக்கம், கல்லீரல் நன்றாக இருக்கிறது என்றார். அன்று இரவே நெய்ச்சோறு பிசைந்து ஊட்டினேன்.

ஆகவே தம்பி, தாளில் ஒரு நொதிக்குப் பக்கத்தில் தடித்த எழுத்து இருந்தால், அது எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.

சிட்ரேட்டுக்கு என் வழி: ஒரே வேளையில் நிறையக் கொடுத்தால் குமட்டும். டாக்டரிடம் கேட்டு அதே அளவை நாலைந்து வேளையாகப் பிரித்துக்கொண்டோம். குளிரவைத்து, சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பேன்.

டென்ட் வீட்டுத் தாய் | ஏப்ரல் 13, பிற்பகல் 3.25

என் மகனுக்கு லோவ் இல்லை, டென்ட் நோய். ஆனால் பங்காளி வீட்டு நோய்தான். லண்டனில் டென்ட் என்ற மருத்துவர் 1964-இல் இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதியதிலிருந்து தொடங்குகிறது கதை. பெரும்பாலானோருக்கு சி.எல்.சி.என்.5 என்ற மரபணுவில் கோளாறு. ஆனால் சிலருக்கு அது சரியாக இருந்து, ஓ.சி.ஆர்.எல்.லில் கோளாறு இருப்பதை 2005-இல் கண்டார்கள். ஒரே மரபணு, ஒரு வீட்டில் கண்ணையும் மூளையையும் சேர்த்துத் தாக்குகிறது, இன்னொரு வீட்டில் ஏறக்குறைய சிறுநீரகத்தோடு நின்றுவிடுகிறது. என் மகன் அந்த இரண்டாவது வகை.

அவனுக்கு ஆறு வயதில் சிறுநீரில் புரதம் என்று தெரிந்தது. சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்ததில் இரண்டு கூட்டல் குறி. உடனே நெஃப்ராட்டிக் (சிறுநீரகச் சல்லடையில் ஆல்புமின் கசியும் நோய்) என்று முடிவு கட்டி ஸ்டீராய்டு தொடங்கிவிட்டார்கள். 14 மாதம். முகம் உப்பியது, வயிற்றில் ரோமம் வந்தது, பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். புரதம் ஓர் இம்மியும் குறையவில்லை. அவனுக்கு ஒருநாளும் கால் வீங்கியதில்லை, ரத்த ஆல்புமின் ஒருநாளும் குறைந்ததில்லை. நெஃப்ராட்டிக் என்றால் இரண்டும் இருக்கவேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர்களும் நிறுத்தி யோசிக்கவில்லை.

பட்டை பிடிப்பது முக்கியமாக ஆல்புமினை. என் மகனிடம் வெளியேறிய புரதத்தில் பெரும்பங்கு சிறிய புரதம். வேறோர் ஊரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினும் சிறுநீர்க் கால்சியமும் எடுத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ஜப்பானில் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆண்டுதோறும் சிறுநீர்ச் சோதனை செய்கிறார்கள், அதில் எத்தனையோ டென்ட் சிறுவர்களை அறிகுறி எதுவும் வருமுன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். படித்துவிட்டு அழுதேன்.

ஆய்வகத்துக்காரர் | ஏப்ரல் 13, இரவு 8.50

சகோதரி சொன்ன பீட்டா-2 பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் குணம் என்.ஏ.ஜி.க்கு நேர்மாறு. அமிலச் சிறுநீரில் அது உடைந்துவிடும், பி.எச். 6-க்குக் கீழே போனால் சிறுநீர்ப்பைக்குள்ளேயே அழியத் தொடங்கும். இரவு முழுவதும் தேங்கிய முதல் காலைச் சிறுநீரில் அது குறைவாக வந்தால் நம்பாதீர்கள். ஆக, ஒரே குப்பியில் காரம் கூடினால் என்.ஏ.ஜி. பொய் சொல்லும், அமிலம் கூடினால் பீட்டா-2 பொய் சொல்லும். ஆர்.பி.பி. அமிலத்தில் நிலைத்து நிற்கும் என்பதால் என்னைக் கேட்டால் அதையே எடுக்கச் சொல்வேன்.

டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். என்.ஏ.ஜி. இவ்வளவு தடுமாறுகிறது என்றால் இந்தக் குழந்தைகளுக்கு அதை எடுக்கவே வேண்டாம் என்பீர்களா? எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து கொடுக்கும்போது கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே என்.ஏ.ஜி. ஏறுவதை எத்தனையோ முறை அளந்திருக்கிறேன்.

குழந்தை சிறுநீரகம் | ஏப்ரல் 13, இரவு 10.30

அங்கே நீங்கள் சொல்வது சரி. நல்ல குழலுக்குப் புதிதாக அடி விழும்போது முதலில் குரல் கொடுப்பது என்.ஏ.ஜி. ஆனால் லோவ் குழந்தையிடம் அந்தக் குரல் பிறந்ததிலிருந்தே ஒலித்துக்கொண்டிருக்கிறது. புதிதாக என்ன நடந்தது என்று அதில் பிரித்துக் கேட்பது கடினம். நான் என் நோயாளிகளுக்கு மாதாமாதம் எடுப்பதில்லை. நோயை உறுதி செய்வது மரபணு. மரபணுச் சோதனை எளிதாகக் கிடைக்காத காலத்தில், தோலில் சிறு துண்டு எடுத்துச் செல்களை வளர்த்து, அவற்றில் பி.ஐ.பி.2-வை வெட்டும் நொதி இருக்கிறதா என்று பார்த்தார்கள். சிறுநீர் நொதி அந்த இடத்தைப் பிடிக்கவே முடியாது.

தஞ்சை அப்பா, நான் உங்கள் இடத்தில் இருந்தால் பார்ப்பவை: ரத்தத்தில் பைகார்பனேட், பொட்டாசியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு விளிம்பு, சிறுநீர்க் கால்சியம், உயரமும் எடையும். வைட்டமின் டி-யை அளவுக்கு மீறிக் கொடுத்தால் கால்சியம் சிறுநீரகத்திலேயே படியும், அதனால் கால்சியத்தை விடாமல் பாருங்கள். கண் அழுத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். புரை எடுத்தாகிவிட்டது என்று பலர் கண் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள், இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கண் அழுத்த நோய் வருகிறது. காய்ச்சல், சளி என்று எங்கே போனாலும் ஜென்டாமைசின் வகை ஊசி வேண்டாம் என்று நோய்ப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். வாந்திக்கு மூத்தவனின் அம்மா சொன்ன வழியைத்தான் நானும் சொல்வேன். ஆனால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், நாளையே உங்கள் டாக்டரைத் தொலைபேசியில் கேளுங்கள்.

உயிர்வேதி மாணவி | ஏப்ரல் 14, காலை 7.15

நன்றி டாக்டர். என்.ஏ.ஜி. என்று நாம் அளப்பது டே-சாக்ஸ் என்ற பிறவி நரம்பு நோயில் குறையும் அதே ஹெக்சோசமினிடேஸ் குடும்பம் என்று இரவு படித்தேன். அங்கே நொதியின் ஏ வடிவமே இல்லை. இங்கே நொதி இருந்தும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. இதை வகுப்பில் பேசப்போகிறேன். 1952-இல் பாஸ்டனில் லோவும் உடன் பணியாற்றிய இருவரும் இந்த நோயை எழுதியபோது சிறுநீரில் அமிலங்கள், அம்மோனியா என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள். மரபணு கிடைக்க 1992 வரை 40 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மூத்தவனின் அம்மா | ஏப்ரல் 14, காலை 9.00

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். தம்பி, இன்னொன்று. உங்கள் மனைவிக்கும் அவருடைய தங்கைகளுக்கும் கண் மருத்துவரிடம் விளக்குக் கருவியில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இந்த மரபணு மாற்றத்தைச் சுமக்கும் பெண்களில் பெரும்பாலோருக்குக் கண்வில்லையில் சிறுசிறு வெண்புள்ளிகள் தெரியும், பார்வை கெடாது. என் தங்கைக்கு அப்படித்தான் தெரிந்தது. சுமார் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மாற்றம் புதிதாகவே வருகிறது, அம்மாவிடம் இருக்காது. யாரும் உங்கள் மனைவியைக் குறை சொல்ல விடாதீர்கள். என்னைச் சொன்னார்கள்.

தஞ்சை அப்பா | மே 2, இரவு 9.35

மன்னியுங்கள், தாமதமாக எழுதுகிறேன். எங்கள் டாக்டரிடம் பேசினேன். சிட்ரேட்டை ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தார். வாந்தி பத்து நாளில் இரண்டு முறைதான்.

போன செவ்வாய் மருத்துவமனைக்கே போய், காலை மருந்துக்கு முன்பு சிறுநீர் பிடித்துக் கொடுத்தோம். இந்த முறை பையை ஒட்டிவிட்டு என் மனைவி அவனை மடியில் நிமிர்த்தியே வைத்துக்கொண்டாள். குப்பியை ஐஸ் போட்ட டிபன் கேரியரில் வைத்து நானே மூன்றாவது மாடி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். இருபது நிமிடத்தில் உள்ளே வாங்கிவிட்டார்கள்.

பி.எச். 6.5. என்.ஏ.ஜி. லிட்டருக்கு 7 யூனிட். கிரியேட்டினின் 20 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தேன், 35.

மாமனாருக்கு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பி.எச். இருக்கும் வரியை விரலால் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து மதிய வேளை மருந்தை அவரே கொடுக்கிறார். ரத்தப் பைகார்பனேட் 16-லிருந்து 20-க்கு வந்திருக்கிறது. எடை 300 கிராம் கூடியிருக்கிறது.

மனைவியின் கண்ணில் புள்ளிகள் இருக்கின்றன. மைத்துனிக்கு அடுத்த வாரம் பார்க்கிறோம். அவள் ஐந்து மாதக் கர்ப்பம். இதைப் பற்றி யாரிடம், எப்படிப் பேசத் தொடங்குவது?

குழந்தை சிறுநீரகம் | மே 2, இரவு 10.05

கண் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் மகனின் மரபணு அறிக்கையில் மாற்றத்தின் துல்லியமான குறியீடு இருக்கும். அதன் நகலோடு மைத்துனியை நாளையே மரபியல் ஆலோசகரிடம் அனுப்புங்கள். அவருக்கு அதே மாற்றம் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க முடியும். ஐந்து மாதம் என்றால் நாட்கள் முக்கியம். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், இப்போது இணையத்தில்தான் இருக்கிறேன்.